மார்க்கண்டு மாமாவின் பாட்டுக்கு வந்த அனுதாபம்

மார்க்கண்டு மாமாவின் குரல் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இருபத்தாறு வருடமாக யாழ்ப்பாணம் - பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்டர். "பின்னுக்குப் போங்கோ, உள்ளுக்கு நல்ல இடம் கிடக்கு" என்று அவர் சொல்லும்போது உள்ளே ஒரு குடை நிற்கவும் இடம் இருக்காது.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. எங்கள் வாசிகசாலை வருடாவருடம் நடத்தும் கலைமாலையில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். தலைவர் சோமசேகரம் மாஸ்டரிடம் மூன்று வருடம் கேட்டார். மூன்று வருடமும், "அடுத்தமுறை பாப்பம், மார்க்கண்டு" என்பதுதான் பதில். இந்த வருடம் மாமா தான் எழுதிய 'மயிலிட்டிக் காத்து' என்ற பாட்டை ஒரு ஸ்ரூடியோவில் பாடிப் பதிந்து, மாஸ்டரும் இருக்கும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வெறும் ஒலிதான், படம் இல்லை. ஒருவரும் திறக்கவில்லை. மகன் கோகுலன் மட்டும் கட்டைவிரல் காட்டினான். அவனும் கேட்கவில்லை.

"படம் இல்லாட்டிச் சனம் தொடாது, மாமா. பாட்டுக்கு ஒரு அட்டைப்படம் செய்து, ரெண்டையும் சேர்த்து வீடியோவாப் போடுங்கோ" என்றேன்.

நெல்லியடிச் சந்தியில் இருக்கும் றொகான் அண்ணையின் கடைக்குப் போனோம். அவருக்கு வரும் வேலையில் முக்கால்வாசி மரண அறிவித்தல். அதற்கான படச்சட்டங்கள் கம்பியூட்டரில் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். மாமா கொடுத்த படம் கனடா விசாவுக்கு எடுத்தது. கோட், கழுத்தில் ரை, சிரிப்பில்லாத முகம். விசா கிடைக்கவில்லை, படம் மிஞ்சியது.

"சுத்திவர மல்லிகைப்பூ வை, தம்பி. பாட்டிலை மல்லிகை வருது."

"படம் சும்மா நிண்டால் சனம் ஃபோன் இறுகிப்போச்செண்டு நினைக்கும். என்னவும் ஒண்டு அசையோணும்" என்று றொகான் அண்ணை ஒரு குத்துவிளக்கை வைத்தார். சுடர் அழகாக ஆடியது.

"பிறந்த ஊரும் இருக்கிற ஊரும் கட்டாயம் வரோணும். பாட்டே அதைப் பற்றித்தான்" என்றார் மாமா. அவர் மயிலிட்டியில் பிறந்து, தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து, இங்கேயே நின்றுவிட்டவர்.

'மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் நெல்லியடியை வதிவிடமாகவும் கொண்ட மார்க்கண்டு அவர்கள்' என்று றொகான் அண்ணையின் விரல்கள் பழக்கத்தில் தாமாகவே அடித்தன. மூன்று பேரும் பார்த்தோம். "நல்ல கண்ணியமாக் கிடக்கு" என்றார் மாமா. நானும் ஓம் என்றேன். அதை மறைக்கக்கூடாது.

மறுநாள் விடிய ஐந்தரைக்கு வீடியோவைக் குழுவில் போட்டுவிட்டு மாமா பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஆறரைக்குப் பந்தல்காரர் வந்து, குணலட்சுமி மாமியிடம் தாழ்ந்த குரலில், "கதிரை எத்தினை வேணும், அக்கா?" என்று கேட்டார். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "ஏன், இஞ்சை என்ன விசேஷம்?" அதற்குள் வெள்ளை வேட்டியோடு பத்துப் பேர் படலைக்குள் வந்துவிட்டார்கள்.

விஷயம் விளங்கியதும், "அந்த மனுசன் இப்பதான் இன்னும் நாலு இடியப்பம் போடெண்டு வாங்கித் திண்டிட்டுப் போனது!" என்று மாமி கத்தினார். அது வெறும் பாட்டு வீடியோ என்று நானும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அதிர்ச்சியில் புலம்புகிறார் என்று நினைத்து, முன்வீட்டுக் கனகாம்பிகை அக்கா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். மாமாவுக்கு ஃபோன் எடுத்துப் பார்த்தோம். ரிக்கற் கொடுக்கும் நேரத்தில் அவருடைய ஃபோன் காசுப்பையின் அடியில் கிடக்கும். அவர் எடுக்காததால் அழுகை இன்னும் கூடியது.

ஒன்பது மணிக்கு முதல் ஓட்டம் முடிந்து மாமா வந்தார். கூட்டத்தைக் கண்டு, வேலியடியில் நின்றவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஆரடாப்பா செத்தது?"

அவர் திரும்பிப் பார்த்து, "நீங்கள்தான், அண்ணை" என்றார்.

"உந்தக் கோதாரி வீடியோவை இப்பவே அழியுங்கோ!" என்று மாமி பாய்ந்து வந்தார். மாமா ஃபோனை எடுத்துக் குழுவைத் திறந்துகொண்டு, பந்தல்காரர் இறக்கிய கதிரையிலேயே இருந்தார். முதல்முறையாக ஊரே அவருடைய பாட்டைக் கடைசிவரை கேட்டிருந்தது. 'என்ன குரல்! இருக்கேக்கை தெரியாமல் போச்சே.' 'ரெண்டாவது சரணத்திலை அழுதிட்டன்.'

"பொறப்பா, இன்னும் வாசிச்சு முடியேல்லை" என்று மாமியிடம் சொன்னார் மாமா.

வாசித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். சோமசேகரம் மாஸ்டர் எழுதியிருந்தார்: 'இம்முறைக் கலைமாலையின் முதற்பாடலை அன்னாருக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தோம். விதி முந்திவிட்டது.'

மாஸ்டர் முற்றத்தில்தான் நின்றார், கையில் இரங்கலுரைத் தாளோடு. மாமா எழும்பி அவரிடம் போனார்.

"மாஸ்டர், ஒதுக்கி வைச்ச இடத்துக்கு நான் வரலாமோ?"

"அது... ஒரு அனுதாபத்திலை எழுதினது, மார்க்கண்டு."

"இருநூறு பேர் வாசிச்சிட்டினம், மாஸ்டர்."

முற்றம் முழுதும் மாஸ்டரையே பார்த்தது. அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நிகழ்ச்சி நிரல் நிரம்பிப்போச்சு... சரி, பாடும்."

"நன்றி, மாஸ்டர். மற்றவையைக் கொஞ்சம் பின்னுக்குப் போகச் சொல்லுங்கோ" என்றார் மாமா. "உள்ளுக்கு நல்ல இடம் கிடக்கும்."