சைகோனுக்குப் போன தம்பி

காரைக்கால், நவம்பர் 2, 1975. கல்லறைத் திருநாள்.

பள்ளித் தோழனின் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டுக் கை கழுவத் தண்ணீர் தேடுகிறேன். பக்கத்துக் கல்லறையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் செவ்வந்திப் பூ வைக்கிறார். கல்லில் அவருடைய தாய் தந்தை பெயர்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே இன்னொரு பெயர் வெட்ட, கல்தச்சர் உளியோடு காத்திருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து வியட்நாமின் சைகோனுக்குப் போன தம்பியின் பெயர் அது. போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பெயரையாவது வெட்டிவிடலாம் என்று குடும்பத்தார் வற்புறுத்துகிறார்கள்.

பூவைச் சுற்றி வந்த பழைய செய்தித்தாளை அம்மாள் என்னிடம் நீட்டுகிறார். "கண்ணாடி எடுத்தாரல சார். என்னா இது, எலும்பா படம் போட்டிருக்கான்?"

"எத்தியோப்பியாவுல கெடச்சதுங்க. மனுஷ இனத்துக்கு முன்னோர், ஒரு பொம்பள. மூணரை அடி உயரந்தான். முப்பது லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சாம்."

"முழுசா கெடச்சிச்சா?"

"பாதிக்குக் கொஞ்சம் கொறவுங்க."

அம்மாள் கல்லின் வெற்றிடத்தை விரலால் தடவுகிறார்.

"அக்கா, வெட்டவா? வெயில் ஏறுது" என்கிறார் கல்தச்சர்.

"வேணாம்ப்பா. அடுத்த வருஷம் பாப்போம்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. இப்ப முப்பது லட்சம் வருஷம் தவணை குடுத்துட்டீங்க." அவர் உளியைத் துணியில் சுற்றுகிறார்.

அம்மாள் சிரித்துவிடுகிறார். "அவன் என்னக்கி சொன்ன நேரத்துக்கு வந்திருக்கான்? ஆறு மணிக்கு வர்றேம்பான், எட்டு மணிக்குத்தான் வருவான். நாந்தான் சோத்த மூடி வச்சிட்டு ஒக்காந்திருப்பேன்."