ஊசித் தலையில் இரண்டு ரூபாய்

ரெக்கோட் சுழற்றும் மெஷின் ஒன்றை, அதில் எரியும் லைட்டைப் பார்த்து வாங்கியவன் மாத்தளை மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிவப்பு லைட். தட்டு சுழலும்போது அதன் ஓரத்துப் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோல் காட்டும். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தியும் அங்கேயே நின்றுவிட்டது.

போர் நின்று, சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. மாத்தளை டவுனில் ஒரு மிளகுக் கடைக்கு மேலே எனக்கு ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், முட்டை அட்டை ஒட்டிய சுவர்கள். பழைய பாட்டு கேசட்டுகளிலிருந்து டோலக்கின் இரண்டு தட்டு, ஒரு உருட்டு என்று வெட்டியெடுத்துப் புதுப் பாட்டுக்குத் தாளமாக அடுக்குவது என் தொழில். தொழில் என்று சொன்னது நான். கடைக்காரர் அதைச் சத்தம் என்றார்.

எதிர் ஒழுங்கையில் பிளவுஸ் தைக்கும் அக்கா ஒருநாள், சேலைத் துண்டில் சுற்றிய சின்ன ரெக்கோட் ஒன்றைக் கொண்டுவந்தார். எழுபதுகளில் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் நாலைந்து பேர் கொழும்புக்குப் போய்ப் பாடிப் பதித்தது. டோலக் வாசித்தவர் அக்காவின் தம்பி. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது அவர் கொழும்பு பஸ்ஸில் ஏறினார்; இறங்கியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. அதே வாரம் வீடும் எரிந்து, படங்களும் போயின. ரெக்கோட்டை மட்டும் பக்கத்து லயத்து வீட்டில் யாரோ இரவல் வாங்கித் திருப்பித் தராமல் வைத்திருந்தார்கள். அதனால் மிஞ்சியது.

"பாட்டு எப்படி வந்தாலும் பரவாயில்ல தம்பி," என்றார். "முடிஞ்சதும் டோலக் கொஞ்சம் உருளும். அப்புறம் 'போதுமா?'ன்னு ஒரு குரல் கேக்கும். வெட்ட மறந்துட்டாங்க. அது அவன். அத ஒரு சீடியில எடுத்துத் தாங்க."

"அதுக்கென்னக்கா, பக்கத்துல நின்னு கேக்குற மாதிரி எடுத்துத் தாறேன்."

"ஊசியப் பாத்துப் போடுங்க. பட்டுக்குப் போடுற ஊசி வேற, காக்கிக்குப் போடுற ஊசி வேற."

தையல் மெஷினையும் என் மெஷினையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்போது என்னிடம் மெஷினே இல்லை.

விற்பனைக்கு இரண்டு இருந்தன. ஒன்று வஹகோட்டையில், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் சிங்களவர் ஒருவரிடம். சாம்பல் நிறப் பெட்டி, ரப்பர் பட்டியில் சுழலும் தட்டு, ஊசியைத் தாங்கும் குச்சிபோல் மெலிந்த கை. சின்னத் தராசு ஒன்றில் ஊசியை வைத்துக் காட்டினார். "மல்லி," என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் அழைத்தார், "ரெண்டு கிராம். அதுக்கு மேல பாரம் வேணாம்." மிளகும் கராம்பும் நிறுக்கும் ஊரில் வளர்ந்த நான், ஊசி நிறுக்கும் மனிதரை அன்றுதான் கண்டேன். மற்றது மாத்தளைக்கு வடக்கே, நாலந்தாவுக்கு அப்பால் மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் டான்ஸ் அறையில் இருந்தது. தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுக்கலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதற்கு மேல், லைட்.

லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ரெக்கோட் தகரக் கூரையின் கீழே கிடந்து அப்பளமாக நெளிந்திருந்தது. ஊசி குதித்தது. ஊசிக் கையின் பின்பக்கத்துக் குண்டைத் திருப்பிப் பாரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நான் படித்த பள்ளிக்கூடம் லவுட்ஸ்பீக்கர் செட். திருவிழாவில் ரெக்கோட் குதித்தால் ஊசித் தலையில் ஒரு காசை டேப் போட்டு ஒட்டுவோம், பாட்டு ஒழுங்காக ஓடும். தடம் தேய்ந்தால் என்ன, அடுத்த வருஷம் வேறு பாட்டு. அந்தப் படிப்பின்படி இரண்டு ரூபாய் நாணயக் குற்றி ஒன்றை ஒட்டினேன்.

முதலில் ஒருமுறை முழுதாகக் கம்ப்யூட்டரில் பதிந்திருக்க வேண்டும். பதியவில்லை. கடைசியில் வந்த அந்த டோலக் உருட்டு அப்படி இருந்தது. அதை என் பாட்டுக்கு எடுத்துவிட்டு அக்காவின் வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்தேன், விட்டேன், இழுத்தேன். காசோடு, இருபது தடவையாவது இருக்கும். என்ன அழகான தாளம் என்று நானே தலையாட்டிக்கொண்டேன்.

பிறகு அக்காவுக்காகப் போட்டேன். பாட்டு வந்தது. டோலக் உருண்டது. அதன் பின்னால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரு சத்தம். அதற்குள் எங்கோ தூரத்தில், "...மா?"

அடுத்த பஸ்ஸில் வஹகோட்டைக்குப் போனேன். ஆர்கன்காரர் ரெக்கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கடைசித் தடங்கள் சாம்பல் பூத்திருந்தன. என்ன செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன். ஊசியைத் தராசில் நிறுத்து, மெல்ல இறக்கினார். பாட்டு முழுதும் மழை கழுவிய இலைபோல் வந்தது. கடைசியில் அதே கடுகு, அதே "...மா?" மூன்று தடவை முயன்றோம். அதற்கு மேல் போட அவர் சம்மதிக்கவில்லை.

அங்கே பதிந்ததைச் சீடியில் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ரெக்கோட்டை வைத்தேன். அதன் மேல், டேப் பிசின் போகாத அந்தக் குற்றியையும் வைத்து நடந்ததைச் சொன்னேன். லைட், காசு, என் டோலக் ஆசை, எல்லாம். அக்கா ஊசியிலிருந்து நூலை உருவிவிட்டு, சீடியை ரேடியோவில் போட்டார்.

பாட்டு முடிந்தது. டோலக் உருண்டது. அந்த இடம் வந்தது, போனது. அக்காவின் விரல் ரேடியோவின் பொத்தானிலேயே இருந்தது.

"அக்கா, ரெண்டு ஏச்சு ஏசிடுங்க," என்றேன். "இல்லாட்டி அந்தக் கத்திரிக்கோல எடுங்க, காதக் குடுத்துட்டுப் போறேன். இருந்தும் பிரயோசனமில்லாத காது."

அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"கதவ சாத்திட்டுப் போங்க."