மெக்சிகோவுக்கு ஒரு பாடு

எனக்கு ஸ்பானிஷ் தெரியும். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் பீற்றிக்கொள்வது மாதிரி இருக்கும். ஆனால் அதனால் எனக்குக் கிடைத்தது 'ஸ்பெயினு' என்கிற பட்டப்பெயர் ஒன்றுதான். சென்னையில் ஓர் அலுவலகத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்கும் வேலையில் இருந்தேன். ஆங்கிலத்தில் திட்டு வாங்க அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் இருந்ததால், ஸ்பானிஷில் திட்டு வாங்க என்னைப் படிக்கவைத்தார்கள். எட்டு வருடம் வாங்கினேன். இப்போது ஊரோடு வந்து, வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு செய்கிறேன். என் முறை வரும் நாளில் ஏரியில் வலையும் கட்டுகிறேன்.

அந்த முறைக்குத்தான் எங்கள் ஊரில் பாடு என்று பேர். இறால் நன்றாக விழுகிற இடங்கள் ஏரியில் சிலதான் இருக்கின்றன, வலைக்காரர்கள் நிறையப் பேர். அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக ஊர் கூடிச் சீட்டு எடுத்து, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முடிவு செய்வோம். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவன் நாளைக்குச் சுமாரான இடத்துக்குப் போவான். கேட்க ரொம்ப நியாயமாக இருக்கும். பாதி நியாயம்தான் என்பது எங்கள் அண்ணிக்குத் தெரியும்.

அண்ணன் நெஞ்சுவலியில் போன மறுமாதமே அந்த வீட்டின் பாடு நின்றுவிட்டது. பாடு தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் எங்கள் ஊர்க் கணக்கில் கல்யாணமான ஆண். அண்ணிக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். வலை இருக்கிறது, படகு இருக்கிறது, கூலிக்கு வர ஆளும் இருக்கிறார். எங்கள் பாட்டை எங்களுக்கே விடுங்கள் என்று அண்ணி மூன்று கூட்டத்தில் கேட்டுவிட்டார். மூன்று தடவையும் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். நாலாவது கூட்டத்தில் நான் எழுந்து பேசுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புத்தக வேலை வந்தது. உலகத்துச் சிறு மீனவர்கள் எல்லாம் கூடுகிற ஏதோ ஒரு மாநாடாம். அங்கே எங்கள் பாடு முறையை விளக்கி ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கவேண்டுமாம். ஊரில் எடுத்த பேட்டிகளை வைத்துச் சென்னையில் யாரோ ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். அதை நான் ஸ்பானிஷுக்குக் கொண்டுபோகவேண்டும். ஊர்ப் பேர் வெளிநாட்டில் வரப்போகிறது என்றதும் எங்கள் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும்.

ஆங்கிலத்தில் எழுதியவருக்கு, ஒரே சொல் திரும்ப வந்தால் நடை கெட்டுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். ஒரு பக்கத்தில் பிரான் என்கிறார், அடுத்த பக்கத்தில் ஷ்ரிம்ப் என்கிறார். இரண்டும் எங்கள் வலையில் விழுகிற அதே இறால்தான். படகை ஓரிடத்தில் போட் என்றும் இன்னோரிடத்தில் வெஸல் என்றும் எழுதியிருந்தார். எங்கள் படகை வெஸல் என்றால் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் சிரிக்கும். நான் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி, இறாலுக்குக் காமரோன் என்று ஒரே சொல்லாகப் போட்டு அனுப்பினேன்.

சரிபார்க்க மூன்று பேர் இருந்தார்கள். ஸ்பெயின்காரம்மா ஒருவர், மெக்சிகோக்காரர் ஒருவர், அர்ஜென்டினாக்காரர் ஒருவர். காமரோன் என்றால் எங்களுக்குப் பொடிசாக, மாவில் போட்டு வடை மாதிரி பொரிப்பது, இதைக் காம்பா என்று திருத்தவும் என்றார் ஸ்பெயின்காரம்மா. உலகத்தில் பாதிப் பேர் காமரோன் என்கிறோம், திருத்தவேண்டாம் என்றார் மெக்சிகோக்காரர். லாங்கோஸ்தீனோ என்று போட்டால் கௌரவமாக இருக்கும் என்றார் அர்ஜென்டினாக்காரர். படகுக்கு ஸ்பெயின்காரம்மா பார்கா என்றார், மெக்சிகோக்காரர் பாங்கா என்றார், அர்ஜென்டினாக்காரர் போத்தே என்றார். ஒவ்வொரு மின்னஞ்சலும் 'அன்புள்ள நண்பர்களே' என்று தொடங்கும். போகப் போக அந்த அன்பைப் படித்ததுமே கணினியை மூடிவைக்க ஆரம்பித்தேன்.

உச்சக்கட்டம் 'வீடு'. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாடு உண்டு என்கிற வாக்கியத்தை ஆங்கிலக்காரர் நாலு இடத்தில் எழுதி, நாலு இடத்திலும் நாலு சொல் போட்டிருந்தார். ஹவுஸ், ஹோம், ஹவுஸ்ஹோல்ட், ஃபேமிலி. நான் ஓகார் என்று போட்டேன். முதியோர் இல்லம் மாதிரி இருக்கிறது என்று அர்ஜென்டினா முகம் சுளித்தது. ஃபமிலியா என்று மாற்றினேன். எங்கள் ஊரில் ஃபமிலியா என்றால் பெரியப்பா மகன், மாமன் மகன் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்றது மெக்சிகோ. காசா என்றேன். அது வெறும் சுவரும் கூரையும் என்றது ஸ்பெயின். மூன்று பேரும் நல்லவர்கள், படித்தவர்கள். அந்த வாக்கியமே பொய் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லாமல் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

நாலாவது கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புயல் பாதுகாப்புக் கட்டடத்தில். அண்ணி முன்னாடியே வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நைனா முதலில் புத்தகம் என்ன ஆச்சு என்று கேட்டார். நான் மூன்று நாட்டுப் பஞ்சாயத்தையும் சொன்னேன்.

"இதுக்குப் போயா இத்தினி பேஜாரு?" என்றார் நைனா. "மூணு பேரு, ஒரு எடம். பாடு போட்டுடு."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தச் சண்டைக்கும் முதலில் கை போவது சீட்டுக்குத்தான். மூன்று நாட்டுக்கும் மூன்று ஆள் நிறுத்தினார்கள். முதல் சீட்டு எடுக்கிற நாட்டின் இறால் முதல் பக்கத்தில், அடுத்த நாட்டின் இறால் இரண்டாம் பக்கத்தில், மூன்று பக்கம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. படகுக்குத் தனிச் சீட்டு, வீட்டுக்குத் தனிச் சீட்டு. இப்படி ஒரு புத்தகம் வந்தால் படிக்கிறவன் பக்கத்துக்குப் பக்கம் நாடு மாறுவான் என்றேன். "மாறட்டும், ஒர்த்தனுக்கே நல்ல எடம் போவக்கூடாது" என்றார் ஒருவர்.

அதற்கப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். ஸ்பெயினுக்கு நின்றவர் பொன்னேரியைத் தாண்டி எங்கும் போனவரில்லை. இறால் சீட்டில் மூன்றாவதாக வந்ததும், "எப்பவும் எங்க நாட்டயே ஏமாத்தறீங்க" என்று கத்தினார். அர்ஜென்டினா எழுந்து, அது ஏமாற்று இல்லை, கைராசி என்றது. போன மாரியில் உன் வலை என் வலைமேல் ஏறியதே, அது என்ன ராசி என்று ஸ்பெயின் கேட்டது. இரண்டு நாட்டையும் பிடித்து உட்காரவைக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

வீட்டுக்குச் சீட்டு எடுக்கும்போது மெக்சிகோவைக் காணவில்லை. நண்டு வியாபாரி கூப்பிட்டார் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் அப்படியே போய்விட்டார். நைனா சுற்றிப் பார்த்தார். கிட்டத்தில் இருந்தது அண்ணிதான்.

"நீ எடும்மா. மெக்சிகோவுக்கு ஆள் இல்ல."

அண்ணி எழுந்து வந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார். முதல் பாடு. மெக்சிகோ மெக்சிகோ என்று கட்டடமே அதிர்ந்தது. அண்ணி மட்டும் சீட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

"நைனா, நான் எடுத்தது செல்லுமா?"

"செல்லாம இன்னா? எல்லாரும் பாத்துகினுதான இருந்தாங்கோ."

"மெக்சிகோவுக்கு ஆம்பள இல்லன்னுதான் என்ன எடுக்கச் சொன்னீங்கோ. அது செல்லும். என் ஊட்டுல ஆம்பள இல்ல. என் பாட்ட நான் எடுத்தா மட்டும் இன்னாத்துக்குச் செல்லாது?"

எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது வெளையாட்டும்மா," என்றார். "இது சோறு."

"எனுக்கும் அது சோறுதான் நைனா," என்றார் அண்ணி. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் எழுந்திருக்கவேண்டிய இடம் அதுதான். நானும் ஒரு தலைக்கட்டு, என் பேச்சு கூட்டத்தில் ஏறும். மூன்று நாட்டு இறாலுக்கு வாய் வலிக்கப் பேசியவனுக்கு அந்த நேரத்தில் நாக்கு எழவில்லை. காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். அண்ணன் வீட்டுப் பாடு நின்றதிலிருந்து என் முறை முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது. எல்லாருக்கும்தான் சீக்கிரம் வருகிறது, அதனால்தான் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தோடு நானும் தரையைத்தான் பார்த்தேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லி நைனா கூட்டத்தை முடித்தார்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். இறாலையும் படகையும் சீட்டுப்படியே போட்டேன். ஊர் சொல்லைத் தட்ட எனக்கென்ன துணிச்சலா இருக்கிறது? வீடு வரும் நாலு இடத்தில் மட்டும் சீட்டை விட்டுவிட்டேன். மூன்று நாட்டுச் சொல்லையும் எடுத்துவிட்டு, கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு பாடு உண்டு, கணவன் இறந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பாடு கிடையாது என்று எழுதி அனுப்பினேன்.

மூன்று நாளில் பதில் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் மாறும் இறாலைப் பார்த்து மூவரும் தனித்தனியாகக் கொதித்திருந்தார்கள். அந்த நாலு இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா மூன்றுக்கும் அது நன்றாகப் புரிந்தது, ஒரு எழுத்துக்கூட மாற்றச் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி, அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன்.

அண்ணி வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியையும் ஸ்பானிஷில் படித்துத் தமிழில் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"நெசத்தத்தான் எழுதிகீற தம்பி," என்றார். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நம்ம ஊர்ல இத்தப் படிக்க யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான் அண்ணி," என்றேன்.