சூப்ரண்டுக்குத் தனிக்கறி

கறியிலிருந்து கொழுப்பை வழித்தெடுக்கும்போதே பர்னபாஸ் திட்ட ஆரம்பித்துவிடுவார். முதலில் கத்தியை. "மொண்ணைக் கத்தி. ஒரு வூட்ல உருப்படியா ஒரு கத்தி கீதா?" அடுத்தது குழாயை, திறந்தால் காற்றுதான் வரும். அப்புறம் ரயிலை. அது இன்னும் மாரிகுப்பத்தை விட்டே கிளம்பியிருக்காது, ஆனாலும் தாமதமாகத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். வெளியே இருட்டு முழுதாகக் கலையவில்லை. சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிய நந்திதுர்க் லைன் வீடுகளில் அங்கங்கே விளக்கு எரிகிறது. எல்லாம் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறவர்களின் வீடுகள். மேடையில் பலகை, பலகையில் எருமைக்கறி. பக்கத்தில், வாயிலிருந்து நூலாக எச்சில் ஒழுக, ஒரு கறுப்பு கிரேட் டேன் குட்டி. குட்டி என்பது வயதை வைத்துச் சொல்வது. நின்றால் அதன் மூக்கு பலகைக்கு எட்டும்.

அதன் பெயர் சூப்ரண்டு. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் சூப்பரிண்டெண்டெண்ட் துரையை ஆட்கள் அப்படித்தான் சொன்னார்கள். பர்னபாஸ் யோசித்து வைத்த பெயர். தெருவில் நாலு பேர் காதில் விழ, "டேய் சூப்ரண்டு, உக்கார்ரா. எவன்டா உன்ன எழுந்துக்கச் சொன்னது?" என்று அதட்டும்போது அவருக்குள் ஏதோ ஒன்று ஆறுகிறது. முகத்தில் அது தெரியாது. முகத்தில் கோபம் மட்டும்தான். ஐம்பதைத் தாண்டியதில் அது மூக்கு, காது மாதிரி ஓர் உறுப்பாகிவிட்டது.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. அங்கே அவரை 'லிஃப்ட்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "லிஃப்ட், ஒன்பதாவது மாடிக்கு வா." "லிஃப்ட் இன்னைக்கு லீவா?" சட்டைப் பையின் மேல் பெயர் தைத்திருக்கிறது. ஒருவரும் படித்ததில்லை. போக ஒரு ரயில், வர ஒரு ரயில், இரண்டிலும் நின்றுகொண்டுதான் பயணம். ஒரு ஊரையே கூண்டோடு தினமும் ஏற்றிக்கொண்டுபோய், சாயங்காலம் பிழிந்த துணியாகத் திருப்பிக் கொட்டுகிறது அந்த ரயில். இதில் சிரித்த முகத்தோடு ஒருவர் இறங்கினால்தான் விசாரிக்க வேண்டும்.

சூப்ரண்டு அந்தக் குடியிருப்பிலிருந்து வந்தவன். வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம், ஆசைக்கு வாங்கிய குட்டியைக் கார் நிறுத்தும் இடத்தில் வைத்து, "லிஃப்ட், உனக்கு வேணுமா?" என்று கேட்டது. பழைய நாற்காலியைக் கொடுக்கிற குரல். கூடவே ஒரு மூட்டை பாக்கெட் தீனி. பர்னபாஸ் மனதுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டே குட்டியை வாங்கி, துண்டில் மூடி, மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார். அன்றைக்கு அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். நாய்க்காகத்தான்.

பச்சைக்கறி யோசனையும் அங்கேயே கிடைத்ததுதான். பெரிய நாய் ஒன்று வளர்க்கும் பன்னிரண்டாவது மாடி அம்மாள் ஒருநாள் லிஃப்டில் போகும்போது சொன்னார். பாக்கெட் தீனியை விட்டு மெதுவாகப் பச்சைக்கறிக்கு மாற்றலாம். ஆனால் பெரிய ரகக் குட்டி, எலும்பு சரியாக வளர வேண்டும், அதனால் கறியோடு மென்று தின்னக்கூடிய எலும்பு, கொஞ்சம் ஈரல், எல்லாம் அளவு பார்த்துத்தான். பழைய தீனியோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும். பர்னபாஸ் முழுதும் கேட்டார், தலையையும் ஆட்டினார். வீட்டுக்கு வந்து பச்சைக்கறியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் தள்ளிவிட்டார். மூட்டைத் தீனி அன்று சாயங்காலமே தெருநாய்களுக்குப் போயிற்று. ஒரே நாளில் மாறிய சாப்பாட்டில் குட்டிக்கு வயிறு கழன்றுகொண்டது. இரண்டே அறை உள்ள வீடு. வாரம் முழுக்க முட்டிபோட்டுத் துடைத்தவர் அவர்தான். துடைத்தபடியே நகராட்சி முதல் மத்திய அரசு வரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

எலும்பு மட்டும் குட்டியின் தட்டுக்கு வராததற்கு வேறு காரணம். பர்னபாஸின் தாத்தா ஒரு சூப்ரண்டின் பங்களாவில் வேலை பார்த்தவர். அங்கே நாய்களுக்குத் தனிக்கறி, எலும்பில்லாத சதை. சதையை அரிந்தெடுத்த பிறகு மிஞ்சும் எலும்பைக் காகிதத்தில் சுற்றித் தாத்தா கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் அதுதான் குழம்பு. பர்னபாஸின் அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். பர்னபாஸுக்கு ஒருதரம்கூடச் சிரிப்பு வந்ததில்லை.

"நாய்க்குப் போக மிஞ்சினதுல வளந்த குடும்பம் நம்மள்து," என்பார். "என் நாய் எலும்பு கடிக்காது. தனிக்கறிதான் துன்னும். எவன் வந்து சொன்னாலும் சரி."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டை கசங்காமல் கறிக்கடையில் வந்து நிற்பார்.

"நாய்க்குத்தானேண்ணா. எலும்போட போடறேனே," என்பார் கடைக்கார பாய்.

"நாய்க்குன்னு யாரு சொன்னது? சூப்ரண்டுக்கு."

"சூப்ரண்டுக்குப் பல்லு கீதா இல்லியா?"

"உன் கடைக்கு வர்றதே என் தப்பு," என்பார் பர்னபாஸ். அடுத்த ஞாயிறும் அங்கேதான் நிற்பார். பாய் சிரித்தபடி சதையை அரிந்து ஒரு பையில் போட்டு, எலும்பைச் சும்மாவே இன்னொரு பையில் கட்டிக் கொடுத்துவிடுவார். வாங்கியதை எறிய மனம் வராது. அது ஜெயசீலியிடம் போகும், சூப் ஆகும்.

ஜெயசீலி அவர் மனைவி. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். குரலை உயர்த்திப் பேசியதே இல்லை, அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம். ஒரு ஞாயிறு மதியம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பர்னபாஸ் ஒரு நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார். மூலையில் சூப்ரண்டு சதையை மெல்லாமலே விழுங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளேன்."

"உங்க தாத்தா காலத்துல நாய்க்குக் கறி, மனுசனுக்கு எலும்பு. இப்ப நம்ம வூட்ல இன்னா நடக்குது?"

பர்னபாஸ் எலும்பைத் தட்டில் வைத்தார். கை கழுவாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் தலைகுனிந்து திருந்தினார் என்று எழுத ஆசைதான். அடுத்த ஞாயிறும் தனிக்கறிதான் வந்தது. வீட்டில் எலும்பு சூப் வைப்பதுதான் நின்றுபோயிற்று.

மழைக்காலம் முடியும் சமயத்தில் குட்டியின் முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்தன. எழும்போது முனகினான். நடந்தால் மணிக்கட்டே தரையில் படுவது மாதிரி இருந்தது. ரயிலில் எரிக் இந்தப் பேச்சை எடுத்தான். பெங்களூரில் காவல் வேலை பார்க்கும் இளைஞன், பர்னபாஸோடு கதவோரம் நின்று வருகிறவன்.

"அங்கிள், உங்க சூப்ரண்டு இன்னா, குதிரை ஓட்டினவன் மாதிரி கால அகட்டிகினு நடக்கறான்?"

"சைனைட் தூசி," என்றார் பர்னபாஸ். "மேட்டுலேர்ந்து காத்து அடிக்குது பாரு, அதை மோந்து மோந்து கீழ உக்காந்துட்டான். மனுசனத் துன்னானுங்க கம்பெனிக்காரனுங்க. இப்ப வாயில்லா ஜீவனயும் துன்றானுங்க."

பெட்டி முழுதும் விழித்துக்கொண்டது. ஒருவருக்கு இருமல், ஒருவர் பிள்ளைக்குக் கண்ணில் எரிச்சல், ஒருவர் வீட்டில் வைத்த முருங்கை கருகிப்போயிற்று. எல்லாவற்றுக்கும் அந்த மேடு. பொய்யும் இல்லை. கம்பெனிக்காரர்கள் தங்கத்தை எடுத்துக்கொண்டு, சயனைடு கலந்த கழிவை மலையாகக் குவித்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். காற்று வீசும் நாளில் அந்தச் சாம்பல்நிறத் தூசி சோற்றில் விழுகிறது. யாரும் வந்து பார்ப்பதில்லை. அதனாலேயே அந்த மேட்டின்மேல் எந்தக் குற்றத்தையும் ஏற்றிவிடலாம், அது தாங்கும். அன்று ரயிலில் பர்னபாஸ் போட்ட சத்தத்துக்கு எல்லோரும் தலையசைத்தார்கள். அந்தச் சுகத்தில், குட்டிக்குத் தெம்பு வரட்டும் என்று தினக்கறியைக் கூட்டினார்.

ஒருநாள் சாயங்காலம் அவர் வந்தபோது சூப்ரண்டால் எழ முடியவில்லை. எழ முயன்று கத்தினான். அந்தக் கத்தல் பக்கத்து லைன்வரை கேட்டது. ஜெயசீலி ஏற்கெனவே ஆட்டோவை வரவழைத்து நிறுத்தியிருந்தார்.

ராபர்ட்சன்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் வாணி சின்னப் பெண். எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்து வெகுநேரம் பார்த்தார். வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு அதில் புகை மாதிரி இருந்தது.

"இன்னா சார் சாப்பாடு?"

"ராஜா சாப்பாடு. பச்சைக்கறி. தனிக்கறி."

"எலும்பு?"

"என் நாய் எலும்பு துன்னாது."

"நாய் வேற இன்னா சார் துன்னும்?"

பர்னபாஸுக்குச் சுர்ரென்று ஏறியது. "சைனைட் மேட்டுப் பக்கத்துல குடியிருந்து பாரும்மா, அப்பத் தெரியும். தூசியக் கேளு. எலும்பக் கேக்கற."

"தூசி இல்ல சார் இது." வாணி படத்தின் மேல் விரலை வைத்தார். "வெறும் சதைல கால்சியம் கிடையாது. இவன் உடம்பு மளமளன்னு வளருது. சாப்பாட்டுல வரலன்னா உடம்பு எங்கேர்ந்து எடுக்கும்? சொந்த எலும்புலேர்ந்துதான். நீங்க எலும்பு போடல. அவன் தன் எலும்பயே துன்னுகினு கீறான்."

 பர்னபாஸ் கத்த ஆரம்பித்தார். ஊசி போடு, மாத்திரை குடு, எவ்ளோ வேணா குடு, படத்தைத் திரும்ப எடு, உன் மெஷினே சரியில்ல. வாணி அவரைக் கத்த விட்டார். ஓய்ந்ததும் பதில் சொன்னார். மாத்திரையைக் கொட்ட முடியாது, இந்த ரகத்துக்குக் கால்சியம் அளவு மீறினாலும் எலும்பு கோணும். இப்போதைக்குப் பெரிய ரகக் குட்டிகளுக்கான பாக்கெட் தீனி. கால் தேறினால் பச்சைக்கறிக்கே திரும்பலாம், அப்போது எலும்போடும் ஈரலோடும், கொஞ்சம் கொஞ்சமாக.

"தேறலன்னா?" என்றார் ஜெயசீலி.

வாணி குட்டியின் காதைத் தடவினார். "ஒரு விஷயம் முக்கியம். குதிக்கக் கூடாது. ஓடக் கூடாது. ஆளு மேல தாவவே கூடாது. இந்த எலும்பு ஒரு குதி தாங்காது, ஒடஞ்சிடும். யாரு மேலயாவது தாவுவானா?"

"இவரு மேலதான்," என்றார் ஜெயசீலி. "சாயங்காலம் இவரு தலையத் தெருமுனைல பாத்தாப் போதும்."

மறுநாள் ரயிலில் எரிக் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். "அங்கிள், கம்பெனி மேல கேஸ் போட்டா இன்னா? நாயையே சாட்சியா கூட்டிகினு போலாம்." நாலு பேர் சிரித்தார்கள்.

"வாய மூடு," என்றார் பர்னபாஸ். "கம்பெனி ஒண்ணும் பண்ணல. இது என் கை பண்ணது."

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பெட்டியில் கம்பெனியை யாரும் அதுவரை விடுதலை செய்ததில்லை. பர்னபாஸ் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பங்காருபேட்டை தாண்டும்வரை கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது போக இடமில்லாமல் நின்றது.

வீட்டு முன்னறையில் இரும்புக் குழாயும் வலையும் வைத்து ஒரு தடுப்பு கட்டினார். குட்டி உள்ளே படுத்தே கிடந்தான், பாக்கெட் தீனியை முகர்ந்து முகர்ந்து தின்றான். ஆனால் சாயங்காலம் பர்னபாஸின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டதும், வளைந்த கால்களை ஊன்றி, வலையில் மார்பை வைத்து எழும்பப் பார்த்தான். ஜெயசீலி பாய்ந்து அமுக்கிப் பிடித்தார். மறுநாள் பர்னபாஸ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் தலை தெரிந்ததும் அதே கதை. லைன் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. அதற்கும் கம்பெனியைத் திட்டலாம், வாய்வரை வந்தது.

"நீங்க நின்னுகினு வர்ற வரைக்கும் அவன் எழும்பத்தான் பாப்பான்," என்றார் ஜெயசீலி, குட்டியின் முதுகில் இரண்டு கையையும் வைத்து அழுத்தியபடி. "ஒசரமா தெரிஞ்சாத்தான தாவறான்."

இப்போது கால் நிமிருமா என்று வாணிக்கும் தெரியவில்லை. பாய் கடைப் பக்கம் பர்னபாஸ் போவதில்லை. தினமும் சாயங்காலம் உரிகம் ஸ்டேஷனில் இறங்கி, வழியில் நாலு பேரோடு சண்டை போட்டு, லைன் முனைவரை விறைப்பாக நடந்து வருகிறார். அங்கே நிற்கிறார். வாசற்படிகளில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறவர்களும் போன் பார்க்கிறவர்களும் நிமிர்கிறார்கள். "இன்னா பாக்கறீங்க? வேற வேல இல்ல?" என்று பொதுவாக ஒரு அதட்டல். பிறகு சாப்பாட்டுப் பையை முதுகுக்குத் தள்ளிவிட்டு, வேலைச் சட்டையோடு, தெருமண்ணில் இரண்டு கையையும் ஊன்றி, முழங்காலும் ஊன்றி, நாலு காலில் வீட்டை நோக்கித் தவழ ஆரம்பிக்கிறார்.