கமாவை அழித்தவள்

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேஜையில் ஒரு சொட்டு சிந்தினாலும் முழு மேஜையையும் துடைக்கவைத்த பிறகுதான் அடுத்த குழாயைத் திறக்கவிடுவாள். அதில் வந்த பட்டம். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்குத் தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. "சொட்டு உனக்கு, சொட்டை எனக்கு. நல்லவேளை, மாத்தி வரல" என்பது அவர் வருடக்கணக்காக அலுக்காமல் சொல்லிவரும் ஜோக்.

அவள் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு மெஷின் முடிவை ஓர் அளவில் கொடுக்கும், பக்கத்து மெஷின் வேறு அளவில் கொடுக்கும். இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றி ரிப்போர்ட்டில் எழுதுவது அவள் வேலை. கால்குலேட்டரைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்துபோகவே, விடிகாலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம் என்று இரண்டு வருடம் தானாக நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். அப்படித் தேடும்போதுதான் அந்த லைப்ரரி கண்ணில் பட்டது. அளவுகளைப் படித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கிற ஒரு சின்ன நிரல் தொகுப்பு. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், குறை தெரிந்தால் திருத்தமும் எழுதி அனுப்பலாம்.

குறை அவளுக்குத் தெரிந்தது. ரத்த அணுக்களின் எண்ணிக்கையை 12,500 என்று கமா போட்டுக் கொடுத்தால் அந்த லைப்ரரி முரண்டு பிடித்து நின்றுவிடும். கமாவை அழித்துவிட்டு எண்ணைப் படிக்கும்படி நான்கு வரி எழுதினாள். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க பதினோரு சோதனைகளும் சேர்த்து அனுப்பினாள். லைப்ரரியைப் பராமரிப்பவர் ஆந்தைப் படம் வைத்திருப்பார்; அவள் மனதில் அவர் பெயரே ஆந்தைதான். எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. ஆந்தை இரண்டு நாளில் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். "அழகான வேலை" என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். அன்றைக்கு அவள் நடந்துபோனதைப் பார்த்திருந்தால் கால் தரையில் படவில்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஓர் இடம் காலியானபோது விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அந்தத் திருத்தத்தைப் பற்றி எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை நேர்முகத் தேர்வு.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த புது ரசாயனப் பெட்டி ஒன்றைப் பிரித்தாள். உள்ளே மடித்து வைத்த காகிதத்தில் எவ்வளவு கலக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. 0,5 மில்லி.

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த வரியைப் பார்த்தாள். 2,25. அதற்கடுத்த வரி 0,1. புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் கமா. அந்த நாட்டில் எழுதுகிற முறையே அதுதான்.

தன்னுடைய நான்கு வரியும் மனதில் ஓடின. கமா இருந்தால் அழித்துவிடு. 0,5-இல் கமாவை அழித்தால் 05. அதாவது ஐந்து. பத்து மடங்கு. முன்பெல்லாம் அந்த லைப்ரரி கமாவைக் கண்டால் தெரியாது என்று நின்றுவிடும். இப்போது நிற்காது. தப்பான எண்ணைத் தைரியமாகக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அவள் திருத்தத்தோடு புது வெர்ஷன் வெளியாகி ஒன்பது நாளாகியிருந்தது.

கூடத்துக்குள் போன் எடுத்துவரக் கூடாது. கையில் இருபது குழாய்கள், மேல்மாடி அவசரப் பிரிவு முடிவுக்காகக் காத்திருக்கிறது. போட்டது போட்டபடி ஓடவும் முடியாது. பதினொன்றரைக்குள் அந்த இருபது குழாய்களையும் முடித்தாள். ஒவ்வொரு லேபிளையும் இரண்டு தடவை படித்தாள், கண்ணை நம்பாமல்.

உடை மாற்றும் அறையில் போனை எடுத்து லைப்ரரியின் பக்கத்தைத் திறந்தாள். புது வெர்ஷனை எடுத்துக்கொண்டவர்கள் நாலாயிரத்துச் சொச்சம். ஆந்தையின் பெயருக்குக் கீழே ஒரு வரி: "மலையேறப் போகிறேன். சிக்னல் இருக்காது. திங்கள்கிழமை பார்ப்போம்."

வெளியான வெர்ஷனைத் திரும்பப் பெற ஆந்தைக்குத்தான் அதிகாரம் உண்டு. அவள் வெறும் திருத்தம் அனுப்பியவள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை டப்பாவோடு சாப்பிட வந்தாள். அவள் அதே ஆஸ்பத்திரியில் பதிவேட்டுப் பிரிவில் குமாஸ்தா.

"என்னக்கா, மூஞ்சி இப்படி வெளிறிப்போயிருக்கு?"

சொட்டக்கா சொன்னாள். தங்கைக்குக் கம்ப்யூட்டர் விஷயம் பாதிதான் புரிந்தது. மற்ற பாதி நன்றாகவே புரிந்தது.

"இப்ப யாருக்காவது தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்புறம் என்ன? சத்தம் போடாம இன்னொரு திருத்தம் அனுப்பு. திங்கக்கிழமை அந்த ஆந்தை வந்து சேத்துக்கட்டும். நாளைக்கு இன்டர்வியூ. நீ திருத்தம் அனுப்பின பக்கத்த, இன்டர்வியூ எடுக்கப்போற பெரிய சார் பிரின்ட் எடுத்து ஃபைல்ல வச்சிருக்கார், நானே பாத்தேன். இன்னிக்குப் போயி நான்தான் தப்பு பண்ணேன்னு எழுதினா, நாளைக்கு அதத்தான் முதல்ல படிப்பாரு."

"திங்கக்கிழமை வரைக்கும் அந்த நாலாயிரம் பேர்?"

"நாலாயிரம் பேரும் மருந்தா குடுக்கறாங்க? எவனோ சமையல் குறிப்பு எழுதறவனா இருப்பான்."

சொட்டக்கா மறுபடி போனைப் பார்த்தாள். இந்த லைப்ரரியை நம்பி இயங்கும் மற்ற நிரல்களின் பட்டியல் அதே பக்கத்தில் இருந்தது. பத்தொன்பது. விரலால் தள்ளிக்கொண்டே போனாள். சமையல் குறிப்பு ஒன்று உண்மையிலேயே இருந்தது. பெயின்ட் கலப்பவர்களுக்கான ஒன்று. பதினான்காவதைப் பார்த்ததும் விரல் நின்றது. குறைமாதக் குழந்தைகள் வார்டில், மருந்து மணிக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற நிரல். எழுதியவர்களின் நாடு, ரசாயனப் பெட்டி வந்த அதே நாடு.

போனைத் தங்கையிடம் காட்டினாள். தங்கை படித்துவிட்டு டப்பாவை மூடினாள்.

"எழுது" என்றாள். பிறகு, "ஆனா உன் பேரப் போட்டே ஆகணுமா?" என்றாள்.

"யார் சொல்றான்னு தெரியாம எவன் நம்புவான்?"

பிழைகளை எழுதுகிற பகுதி எல்லோர் கண்ணிலும் படுவது. சொட்டக்கா அதில் எழுதினாள்: "அவசரம். புது வெர்ஷனைப் பயன்படுத்தாதீர்கள். 0,5 கொடுத்தால் 5 என்று படிக்கிறது. மூன்று வாரம் முன்பு நான் அனுப்பிய திருத்தமே காரணம். பிழை என்னுடையது. மருந்து அளவுக்குப் பயன்படுத்துபவர்கள் இந்த நிமிடமே பழைய வெர்ஷனுக்கு மாறுங்கள்." அனுப்பும் பொத்தான் மேல் கட்டைவிரல் ஒரு மூச்சு நேரம் தயங்கியது. பிறகு அழுத்தினாள்.

அதோடு விடவில்லை. நாலு வருடப் பழைய பக்கம் ஒன்றைத் தோண்டி, ஆந்தையோடு சேர்ந்து லைப்ரரியைத் தொடங்கிய இன்னொருவரின் மின்னஞ்சலைப் பிடித்தாள். படத்தில் ஒரு பென்சில். லைப்ரரியின் பக்கத்துக்கு அவர் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதிகாரம் இன்னும் இருக்கிறதோ என்னவோ. அவருக்கும் எழுதினாள். கடைசியாகக் குழந்தைகள் வார்டு நிரலை எழுதியவர்களின் அரட்டை அறைக்குள் நுழைந்து அதே செய்தியைப் போட்டாள்.

இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் பதில் எழுதினாள். "நீங்கள் யார்?"

"அந்தத் திருத்தத்தை எழுதியவள். பரிசோதனைக் கூடத்தில் வேலை. நீங்கள் புது வெர்ஷன் போட்டிருக்கிறீர்களா?"

"நான்கு நாளாகிறது. ஐந்து வார்டில் ஓடுகிறது." பிறகு, "இருங்கள்."

அந்த 'இருங்கள்' என்ற சொல்லோடு திரை அப்படியே நின்றது. சாப்பாட்டு நேரம் முடிந்தது. போனைத் தங்கை கையில் கொடுத்து, "பதில் வந்தா கண்ணாடிக் கதவுல தட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மைக்ராஸ்கோப்பின் கீழே வெள்ளையணுக்களை எண்ண வேண்டிய நேரம். நூறு அணுக்களை வகை பிரித்து எண்ண வேண்டும். கண் லென்ஸில், விரல் எண்ணும் கருவியில். அறுபத்து மூன்றில் தொலைத்தாள். மறுபடி ஒன்றிலிருந்து. எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு குழந்தை, அதன் காலில் ஊசி, குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற மருந்து. நாற்பதில் மறுபடி தொலைந்தது. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை வாய்விட்டு எண்ணினாள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். நூறு வந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டரை மணிக்குக் கண்ணாடிக் கதவு தட்டப்பட்டது.

தங்கை ஓடிவந்திருந்தாள், மூச்சு வாங்கியது. "படிக்கவா?"

"படி."

"'பழைய வெர்ஷன் கமாவை ஏற்காததால் இங்கே எல்லோரும் புள்ளி வைத்தே தட்டிப் பழகியவர்கள்; இரண்டு தடவை மட்டும் கமா விழுந்து தப்பான எண் வந்திருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே நர்ஸ். திரையில் வந்ததை நம்பாமல் கையால் கணக்குப் போட்டு, சரியான அளவைத்தான் வைத்திருக்கிறார். தான் எண்ணைத் தப்பாகத் தட்டியதாக நினைத்து நோட்டில் எழுதியிருக்கிறார். நாங்கள் அந்த நோட்டைப் பார்க்கவில்லை. குழந்தைகள் நன்றாக இருக்கிறார்கள். எல்லா வார்டிலும் பழைய வெர்ஷனைப் போட்டுவிட்டோம்.'"

"இன்னொரு தடவ படி."

தங்கை படித்தாள். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக.

பென்சில்காரர் மூன்றே முக்காலுக்குப் பதில் போட்டார். அவர் ஊரில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது போலும். "பல் கூடத் துலக்கவில்லை. வெர்ஷனைத் திரும்பப் பெற்றுவிட்டேன். காலை வணக்கம்."

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வழக்கமான ஜோக் எதையும் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார். அப்போதுதான் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை தேர்வு அறையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் இரண்டு தாள்களை அருகருகே வைத்திருந்தார். ஒன்று பழைய பிரின்ட். இன்னொன்று காலையில் எடுத்தது போலிருந்தது.

"இது நீங்க பண்ண தப்புதானா?"

"ஆமா சார்."

"பதினோரு சோதனை போட்டிருக்கீங்களே. ஒண்ணுல கூடவா தெரியல?"

"பதினொண்ணும் நான் எழுதற மாதிரி எண்களா போட்டேன் சார். வேற மாதிரி எழுதறவங்க இருப்பாங்கன்னு தோணல."

அவர் தலையை ஆட்டினார். என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க முடியாத ஆட்டல். அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. காரணம் சொல்லவில்லை, கேட்டால் சொல்லியிருப்பார்களோ என்னவோ, அவள் கேட்கவில்லை. தங்கை ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாள். அக்கா மேலா, அந்த மூன்று பேர் மேலா என்று அவளுக்கே தெளிவில்லை.

திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கிய ஆந்தை, அவள் எழுதியதற்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தார்: "படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டது நான். என் பெயரையும் பக்கத்தில் போடவும்."

சரியான திருத்தம் என்ன என்பதில் பதினோரு நாள் வாதம் நடந்தது. 1,500 என்றால் ஆயிரத்து ஐந்நூறா, ஒன்றரையா? ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஊகித்து எதையும் படிக்கவே கூடாது, கமா வந்தால் நின்று, எந்த முறையில் எழுதியது என்று கேட்க வேண்டும் என்று சொட்டக்கா பிடித்த பிடியில் நின்றாள். கடைசியில் அதுவே நிலைத்தது. எழுதியதும் அவள்தான். இந்தத் தடவை சோதனைகள் அறுபத்து நான்கு. பாதியை வார்டு நிரல்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். நிரல் நின்றுபோகிறதே என்று சண்டைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் எழுதினாள். சிலர் புரிந்துகொண்டார்கள். ஒருவர் திட்டிவிட்டுப் போனார்.

அவள் எச்சரிக்கை இன்னும் பக்கத்தின் உச்சியிலேயே இருக்கிறது.

"இப்பவாவது அத எறக்கச் சொல்லேன்கா" என்றாள் தங்கை, இரண்டு மாதம் கழித்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது. "திறந்தா உன் பேருதான் மூஞ்சில அடிக்குது."

சொட்டக்கா போனைத் திறந்து காட்டினாள். திரும்பப் பெற்ற பிறகும், அந்த வெர்ஷன்தான் வேண்டும் என்று தங்களுக்குள் எழுதி வைத்துவிட்ட நிரல்களுக்கு அது போய்க்கொண்டுதான் இருக்கும். வாரம் எத்தனை பேருக்குப் போகிறது என்ற எண் அங்கே இருந்தது. முதலில் நாலாயிரம், பிறகு முந்நூறு, பிறகு பன்னிரண்டு, இப்போது ஒன்றில் நின்றிருந்தது.

"யாரு அந்த ஒண்ணு?"

"தெரியலடி. ஆந்தைக்கும் தெரியல. தேடிட்டு இருக்கோம்."