ஏஐக்கு ஒரு விண்ணப்பம்

மணப்பாறை பக்கத்தில் எங்கள் அரசுப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் நானும் தலைமையாசிரியையும்தான். ஏஐ பயிற்சிக்கு எங்களைத் திருச்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அங்கே, பின்னக் கணக்கு நடத்த ஏஐயிடம் யோசனை கேட்டு டைப் செய்ய வேண்டும். தலைமையாசிரியை "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, "தங்கள் உண்மையுள்ள" என்று முடித்து, இடமும் நாளும் போட்டார்.

"டீச்சர், அது மெஷின்ங்க."

"இருக்கட்டுமே. மரியாதை குறைஞ்சா மனுவை ஓரமாத் தூக்கிப் போட்டுடுவாங்க."

பதில் உடனே வந்தது: "உங்கள் பிள்ளைகள் எந்த வகுப்பு? பின்னத்தில் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இத்தனை வருஷமா எத்தனையோ பேருக்கு எழுதிட்டேன். பிள்ளைங்களைப் பத்தித் திருப்பிக் கேட்ட முதல் ஆபீசர் இவர்தாங்க."