சமாதான நீதவானின் பேனா

"இந்தப் பேனா என்ர சட்டைப்பையில இருக்கும் வரைக்கும், விக்டோரியாவில இருந்து ஒரு ரிசேர்வ் பிள்ளையும் பிளேன் ஏறாது!"

மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் வசிக்கும் தேவராஜா இப்படி முழங்கியது போன நவம்பரில், ஒரு பிறந்தநாள் விழாவில், கேக் வெட்டுவதற்குச் சற்று முன்னர். சுற்றி நின்ற நாற்பது பேரும் கைதட்டினார்கள். அது கேக்குக்கு விழுந்த கைதட்டல் என்று பிறகு சிலர் சொன்னது வெறும் பொறாமை.

தேவராஜா ஒரு ஜேபி. அதாவது சமாதான நீதவான். ஸ்பிரிங்வேல் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சமூக மண்டபத்தில் செவ்வாய்தோறும் மேசை போட்டு, போட்டோக்கொப்பி அசலைப் போலவே இருக்கிறது என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது அவர் பணி. சம்பளம் கிடையாது. ஆகவே கௌரவத்தை முழுவதுமாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய போராட்டத்துக்குக் காரணம் ஒரே ஒரு சொல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகள் மிருணாளினி, "அப்பா, நான் ரிசேர்வில சேர்ந்திட்டன்" என்றாள். மெல்பேர்னில் தெருவுக்குத் தெரு இருக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ரிசேர்வ் என்றுதான் பெயர். பிள்ளை கிரிக்கெட் பழகப் போகிறாள் என்று மகிழ்ந்து, தொப்பியும் சன்ஸ்கிரீனும் வாங்கிக் கொடுத்தார். அவள் இராணுவச் சீருடையோடு வாசலில் வந்து நின்ற ஒரு சனிக்கிழமைதான், அது பகுதிநேரப் படை என்பது அவருக்கு விளங்கியது. வெள்ளம் வந்தால் மண்மூட்டை அடுக்குவோம், காட்டுத்தீ வந்தால் உதவுவோம் என்று சொல்லி மகள் தேற்றினாள். தேறினார். போன ஒக்டோபரில், ரிசேர்வ் ஆட்கள் வெளிநாட்டுக்கும் போவதுண்டு என்று யாரோ சொல்லித் தொலைத்தார்கள். அன்றிலிருந்து அவர் கதிரையில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் இருந்ததில்லை.

பிறந்தது ஒரு மனு. நாடாளுமன்றம் வாக்கெடுத்துச் சம்மதிக்காமல் விக்டோரியாவின் ரிசேர்வ் படையினரை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. செவ்வாய்க்கிழமை மேசைக்கு வந்தவர்கள் எல்லாம் முதலில் இதைக் கடந்தாக வேண்டும்.

"அங்கிள், எனக்கு பிஆர் விசாவுக்கு ஒரு கொப்பி மட்டும்தான்…"

"ஓம் தம்பி, அது வரும். நீர் சொல்லும், ரிசேர்வ் எண்டா என்ன? ஊருக்குள்ள கிடக்கிறது. எந்த ரிசேர்வாவது பிளேன் ஏறிப் போனதைப் பார்த்தனீரோ?"

பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஜனவரிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, மிருணாளினி குசினி மேசையில் ஒரு கடித உறையை வைத்தாள். மத்திய கிழக்கில் அமைதிகாக்கும் பணி, ஏழு மாதம். அவளுடைய குடியுரிமைச் சான்றிதழின் பிரதி, ஒரு ஜேபியின் கையெழுத்தோடு நாளைக்குள் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

"ஆர் பிள்ளை உன்னை அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. நான்தான் கேட்டனான்."

மனுவில் இதற்கு வரி இல்லை. தேவராஜா கராஜ் வரைக்கும் நடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

"நீங்க ஜஸ்டிஸ் ஒஃப் த பீஸ், நான் பீஸ்கீப்பிங். சேம் டிப்பார்ட்மென்ட், அப்பா."

"சொந்தப் பிள்ளைக்கு நான் கையெழுத்து வைக்கேலாது. சட்டம்." வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சட்டத்தை அவர் உளமாரக் காதலித்தார்.

"தெரியும். சிறிதரன் அங்கிளிட்டப் போறன்."

சிறிதரன், அதே மண்டபத்தின் வியாழக்கிழமை ஜேபி. தலைகீழாகக் கொப்பி எடுத்த பாஸ்போர்ட்டையும் அப்படியே சான்றுப்படுத்தியவர் என்று தேவராஜா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் மனிதர். வீட்டில் இருக்க முடியாமல், "கார் நான் ஓடுறன்" என்று தேவராஜாவும் புறப்பட்டார்.

"என்ன ஐசே, மனுக்காரரே வந்து நிக்கிறீர்? பேனாவுக்கு இண்டைக்கு லீவோ?" என்றார் சிறிதரன். சான்றிதழை ஒருமுறை பார்த்தார், பிரதியை அரைமுறை பார்த்தார், முத்திரை குத்தினார், கையெழுத்திட்டார், திகதி போட்டார்.

தேவராஜாவுக்கு எழுத்தைத் தலைகீழாக வாசித்துப் பழக்கம். சிறிதரன் போன வருடத்தைப் போட்டிருந்தார். ஜனவரியில் எல்லாருக்கும் வரும் வியாதிதான். ஆனால் இந்தத் திகதியோடு போனால் கடிதம் நிச்சயம் திரும்பி வரும். அதற்குள் இடம் போய்விடும். மகள் கவனிக்கவில்லை. பிரதியை உறைக்குள் வைத்து ஒட்டப் போனாள்.

தேவராஜா எழுந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமல் திரும்பினார். மனுவே தேவையில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மிருணாளினி கதவருகே போய்விட்டாள்.

"பிள்ளை, நில். சிறிதரன், வருசம் பிழை."

"கோதாரி!" என்று சிறிதரன் மேசையைத் தடவினார். அவருடைய பேனாவை வரிசையில் நின்ற யாரோ ஃபோர்ம் நிரப்ப வாங்கிப் போயிருந்தார்கள்.

தேவராஜா தன் சட்டைப்பையில் கைவிட்டு, மூடியைக் கழற்றி, பேனாவை நீட்டினார்.

"வெட்டிப்போட்டு, பக்கத்தில சின்னக் கையெழுத்தும் வையும். இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."